அண்ணைக்கு வந்த சுடுதண்ணீர்

எங்கள் வீட்டில் சுடுதண்ணீரைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர் என் கணவர். அதில் நிம்மதியாகக் குளித்தவரும் அவர்தான். இதை எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அது அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

ஜேர்மனியில், டோர்ட்மண்டின் வடக்கே, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இருவரும் உழைத்து வாங்கியது. மேல்மாடியில் குளியலறை. அதன் சுவரில் பெரிய வெள்ளைப் பொயிலர் ஒன்று, வீட்டோடு கூடவே வந்தது. அது இரவு மின்சாரத்தில் மட்டும் வேலை செய்யும் பழைய வகை. இரவு முழுக்கத் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிட்டுக் காலையில் தன் கடமை முடிந்தது என்று படுத்துவிடும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் நான் ஒரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு போவேன். பிறகு அவர் குளித்துச் சாமி விளக்கு வைப்பார். பிறகு மகன், பிறகு மகள். அவள் தலைக்குக் குளித்தால் அன்றைய கணக்கு அதோடு சரி. மத்தியானத்துக்குப் பிறகு எந்தக் குழாயைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர்தான்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வயதான ஜேர்மன்காரர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுக்கும் வேலை. யாரையும் குளிக்க வார்க்க முதல் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் அந்த உடம்புகள் நடுங்கும், வாய்கள் திட்டும். திட்டட்டும், அது அவர்களுடைய உரிமை. அங்கே யாருக்கும் நான் ஒருநாளும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதில்லை.

அங்கே மனிதர்கள் சாவார்கள். குளிர் காலத்தில் இன்னும் கூடுதலாகச் சாவார்கள். சாகிறவர்களின் கண்ணை மூடி, உடம்பைக் கழுவி, தலை சீவி, நல்ல உடுப்புப் போட்டு, பிள்ளைகள் வந்து பார்க்கும்படி கிடத்துவது எங்கள் வேலை. என்னுடன் வேலை செய்யும் ஜேர்மன் பெண்கள் அதை முடித்ததும் கைக்கு மருந்து பூசிவிட்டுப் போய்க் கோப்பி குடிப்பார்கள். நான் அப்படி இல்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தாலே தலையில் தண்ணீர் ஊற்றித் தோயாமல் வீட்டுக்குள் புழங்காத ஆட்கள் நாங்கள். நானோ செத்தவரைக் கையால் தொட்டுக் கழுவிவிட்டு வருகிறவள். தோயாமல் சமைக்கிற குசினிக்குள் கால் வைக்க எனக்கே மனம் ஒப்பவில்லை. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் என்னை விட அவருக்குத்தான் அதில் பிடிவாதம். நான் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதலே உள்ளேயிருந்து குரல் வரும்.

“இண்டைக்கு ஆரும் மோசம் போனவையோ?”

“ஓம்.”

“அப்ப தோய்ஞ்சிட்டுக் குசினிக்குள்ள போம்.”

அவ்வளவுதான். எதில் தோய்வது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீரைச் சூடாக்கப் பானையும் அடுப்பும் குசினிக்குள் இருக்கின்றன. குசினிக்குள் போக நான் தோய்ந்திருக்க வேண்டும். இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்டு, தை மாதத்துப் பின்னேரங்களில், குளியல் தொட்டிக்குள் நின்று வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துப் பேணியால் தலையில் ஊற்றியிருக்கிறேன். முதல் பேணி உச்சியில் விழும்போது மூச்சு அப்படியே நின்றுவிடும். எனக்குத் தலைமுடி நீளம். அது காய்வதற்குள் இரவுச் சாப்பாடு சமைத்து முடிந்துவிடும்.

ஏன் வேலையிடத்திலேயே குளிக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஊழியர்களுக்கு நல்ல ஷவர் இருக்கிறது. ஒருமுறை குளித்தேன். ஈரத் தலையோடு ட்ராமுக்குக் காத்து நின்று, வீட்டுக்கு வந்து ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தேன். மின்சாரக் கேத்தல் ஒன்றை மேலே குளியலறையில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். “பாத்ரூமுக்குள்ள கரண்டோ? சாகப் போறீரோ?” என்று அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். என் உயிரில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

“இஞ்சருங்கோ, இந்தப் பொயிலரை மாத்துவம். எனக்குக் குளிர் தாங்க ஏலாமல் கிடக்கு” என்று நான் சொன்னேன். ஒரு தடவை அல்ல. சாப்பாட்டு மேசையில் சொன்னேன், காரில் சொன்னேன், கோயிலுக்குப் போகிற வழியில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்தான் பதில்.

“பாப்பம்.”

பார்க்கத்தான் செய்தார். பார்ப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர், எலெக்ட்ரிக் சாமான் விற்கும் கடையில் வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இருவரும் வரவேற்பறையில் உட்கார்ந்து நாட்டின் மின்சாரத் துறையையே நடத்துவார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். தாங்கி இல்லாத ஹீற்றர் ஒன்று இருக்கிறது, ஜேர்மனியில் பாதி வீடுகளில் அதுதான் என்பது முதல் ஞாயிறே முடிவாகிவிட்டது. தண்ணீரைச் சேர்த்து வைக்காது. குழாயைத் திறந்ததும், ஓடுகிற தண்ணீரை ஓட ஓடவே சூடாக்கிக் கொடுக்கும். எத்தனை பேர் குளித்தாலும் முடியாது, எந்த நேரமும் வரும். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. இனி என்ன, நாளைக்கே ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நான் ஒரு விசரி.

“தை மாசம் பைப்பில வாற தண்ணி ஐஸ் மாதிரி. இருபத்தொரு கிலோவாற் காணாது” என்பார் சிநேகிதர்.

“அப்ப இருபத்திநாலு?”

“இருபத்திநாலெண்டால் கேபிள் மாத்த வேணும். சின்னனைப் பூட்டினால் தண்ணி நூல் மாதிரித்தான் வரும்.”

“நூல் மாதிரி வந்து என்ன பிரயோசனம்” என்று இவர் தலையை ஆட்டுவார்.

குளிர் நாட்டில் நிலத்துக்கடியில் வரும் தண்ணீர் எவ்வளவு குளிர் என்பது அவர்கள் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? அதை என் உச்சந்தலை அறியும். நூல் மாதிரி வந்தாலும் பரவாயில்லை, சுடுநூலாக வரட்டும் என்று ஒருநாள் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு வேறு கதை. மின்சாரக் கம்பெனிக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் போட வேண்டும். உரிமம் உள்ள ஆள்தான் பூட்டலாம், அவர்கள் வருவதற்கு டெர்மின், அதாவது ஒரு நாள், கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்கடுத்த ஞாயிறு, சட்டம் மாறப்போகிறதாம், அவசரப்பட்டால் நட்டமாம். பிறகு காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்தார்கள். அது ஒரு மாதம் ஓடியது. இப்படியே ஒரு குளிர் காலம் முடிந்து, கோடை வந்து, கோடையில் யாருக்கும் ஹீற்றர் ஞாபகம் வராமல், அடுத்த குளிரும் வந்து சேர்ந்தது.

அந்தக் குளிரில் ஒருநாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். அன்று இல்லத்தில் ஒரே நாளில் இரண்டு பேர் செத்தார்கள். இருவரையும் நான்தான் கழுவினேன். உடம்பும் மனமும் விட்டுப்போய் வந்து வாசலில் நின்றேன். வழமையான கேள்வி, வழமையான பதில். “இண்டைக்கு ஒரு பானை தண்ணியை அடுப்பில வைச்சுத் தாங்கோ. பச்சைத் தண்ணி ஏலாது எனக்கு” என்றேன். சரி என்று போனார். பானை வைக்கும் சத்தமும் கேட்டது. நான் தொட்டுப் புழங்கக்கூடாது என்பதால் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். சப்பாத்திலிருந்து பனி உருகிக் காலுறையை நனைத்தது. உள்ளே அவருக்குத் தொலைபேசி வந்தது. சிநேகிதர்தான். என்ன கதை என்று நினைக்கிறீர்கள்? ஹீற்றர். புதிதாக ஒரு கம்பெனி, அதில் சூட்டைத் தொலைபேசியிலிருந்தே கூட்டிக் குறைக்கலாமாம். என் கணவர் வரவேற்பறையில் உலாத்தியபடி கதைத்தார், கதைத்தார், கதைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கருகிய மணம் வந்தது. பானையில் கொஞ்சமாக வைத்த தண்ணீர் முழுக்க வற்றி அடி பிடித்திருந்தது.

“அட, மறந்தே போனன். இன்னொருக்கா வைக்கட்டோ?” என்றார்.

நான் மேலே போய்ப் பச்சைத் தண்ணீரிலேயே தோய்ந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

என்னைவிடப் பொறுமை குறைந்தவர்கள் கேட்கலாம், உனக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியுமே, நீயே ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பூட்டியிருக்கலாமே என்று. கூப்பிட்டேன். வந்து பார்க்க நாளும் தந்தார்கள். இவர் அதை அறிந்ததும், “கரண்ட் விசயத்தில நீர் தலையிடாதையும். நான் எல்லாம் விசாரிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்” என்று அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து வேண்டாம் என்றுவிட்டார். என் வீட்டில் எனக்குத் தண்ணீர் வேண்டுமென்று நான் சொன்னது அவருடைய மரியாதைக்குக் குறைவாகப் போய்விட்டது.

இந்த நிலையில்தான் கனடாவிலிருந்து அவருடைய அண்ணை தொலைபேசி எடுத்தார். டோர்ட்மண்டில் ஒரு கல்யாணம், மனைவியோடு வருகிறாராம், தை மாதம், எங்கள் வீட்டில்தான் தங்குவாராம். தொலைபேசியை வைத்ததும் என் கணவரின் முகத்தில் அப்படியொரு கலக்கம்.

“இஞ்சரும், அண்ணைக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்கொள்ளாது. நெஞ்சில சளி பிடிச்சிடும். உந்தப் பொயிலரை வைச்சுக்கொண்டு அவையளை எப்பிடிக் கூப்பிடுறது?”

நான் அவரைப் பார்த்தேன். பகிடி விடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார்.

அன்றைக்கே சிநேகிதரைப் பிடித்தார். கிடைக்காத டெர்மின் கிடைத்தது. போட முடியாத அன்ட்ராக் போடப்பட்டது. மாறப்போகும் சட்டத்தை யாரும் பேசவில்லை. அதே மாதத்திலேயே ஒரு ஜேர்மன்காரர் வந்து, கீழே மீற்றர் பெட்டியிலிருந்து மேலே வரை புதிய கேபிள் இழுத்து, பழைய பொயிலரைக் கழற்றி இறக்கிவிட்டு, ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் பூட்டினார். எவ்வளவு சின்னது! இதற்காகவா இவ்வளவு காலம் பேசினீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. தூசி துடைக்கும் துணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும், எத்தனை பாகைச் சூட்டில் வைத்துவிட, வீட்டில் அதிகம் யார் பாவிப்பது என்று அந்த மனிதர் கேட்டார். என் கணவர் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் கனடாவுக்கு அடித்தார். அங்கே விடியற்காலை. அண்ணையின் மனைவி நித்திரைக் குரலில் எடுத்தா. இவர் விசயத்தைச் சொன்னார். அவவுடைய குரல் குளியலறை முழுக்கக் கேட்டது.

“அவர் நித்திரை. இதுக்கு ஏன் தம்பி அவரைக் கேக்கிறீர்? உங்கை உம்மட மனிசி எத்தினையில குளிக்கிறவ? அதையே வையுமன்.”

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தொலைபேசிக்குள், “அவவுக்கு என்னெண்டாலும் சரி, அண்ணி” என்றார்.

நாற்பத்திரண்டில் வையுங்கள் என்று ஜேர்மனில் நானே அந்த மனிதரிடம் சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

அண்ணையும் மனைவியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் வந்த இரண்டாம் நாள் இல்லத்தில் ஒரு கிழவி செத்துப்போனா. நான் நெடுங்காலமாகக் குளிக்க வார்த்த மனுசி. தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பா. அன்று கடைசியாக அவவைக் கழுவும்போதும் பழக்கத்தில் முழங்கையைத் தண்ணீரில் வைத்துச் சூடு பார்த்தேன். மகன் வந்து சேரும் வரை பக்கத்திலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, வரவேற்பறையில் அண்ணையின் குரல். குளித்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார் போல, சவர்க்கார மணம் வாசல் வரை வந்தது.

“தம்பி, திறமான சாமான் பூட்டியிருக்கிறாய். எவ்வளவு நேரம் நிண்டாலும் சூடு குறையேல்லை.”

என் கணவர் சொன்னார். நான் வந்தது தெரியாமல் சொன்னார்.

“இவவுக்காகத்தான் அண்ணை பூட்டினனான். செத்ததுகளைக் கழுவிப்போட்டு வாறவ. இந்தக் குளிருக்குள்ள தோய வேணுமெல்லோ, பாவம்.”

பாவம் என்றார். என்னுடைய இரண்டு குளிர் காலத்தையும் எடுத்துத் தன் அண்ணைக்கு முன்னால் தனக்கொரு சால்வையாகப் போட்டுக்கொண்டார்.

கதவுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். “வந்திட்டீரோ? ஆரும் மோசம் போனவையோ?”

“ஓம்.”

“அப்ப கெதியாத் தோய்ஞ்சிட்டு வாரும். அண்ணைக்குப் பசிக்குது.”

நான் சப்பாத்தைக் கழற்றினேன். கோட்டைக் கொழுவினேன். கையைக் கழுவி, நேரே குசினிக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்துப் புட்டுக்கு மாவை எடுத்தேன். பின்னாலேயே ஓடி வந்தார். வரவேற்பறைக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்தபடி, “என்ன செய்யிறீர்? தோயேல்லையே?” என்றார்.

“எனக்காகத்தானே பூட்டினனீங்கள்? அப்ப எனக்கு எப்ப விருப்பமோ அப்ப தோயிறன்.”

அவர் வரவேற்பறைக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் புட்டு அவித்தேன், மீன் குழம்பு வைத்தேன், சம்பல் இடித்தேன். மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். தெரியாமல் யாருக்கும் ஊட்ட நான் விரும்பவில்லை.

“இண்டைக்கு ஒரு மனிசி மோசம் போயிட்டா. நான்தான் கழுவிக் கிடத்தினனான். இன்னும் தோயேல்லை. அப்பிடியேதான் சமைச்சனான். சாப்பிட விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ.”

அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையை இழுத்துப் புட்டைப் போட்டுக்கொண்டார். “உதெல்லாம் இப்ப ஆர் பிள்ளை பாக்கினம்? நாங்கள் அங்க எப்பவோ விட்டாச்சு” என்று சாப்பிடத் தொடங்கினார். அவருடைய மனைவியும் எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டா.

என் கணவர் அண்ணையைப் பார்த்தார். தன் கோப்பையைப் பார்த்தார். பிறகு அவரும் புட்டைப் போட்டு, குழம்பை விட்டு, குழைத்து ஒரு வாய் வைத்தார்.

“ஓம் அண்ணை” என்றார். “நாங்களும் உதுகளை அவ்வளவாப் பாக்கிறேல்லை.”

என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை எறியவில்லை, மேசையில்தான் வைத்தேன். ஆனால் வைத்த சத்தத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“அப்ப அந்தப் பச்சைத் தண்ணியெல்லாம் நான் ஆருக்காகத் தலையில ஊத்தினனான்?” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு புட்டைக் குழைத்தார்.

“என்ன தண்ணி?” என்று கேட்டா அண்ணையின் மனைவி.

நான் அவ இழுத்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்தேன். இரவு மின்சாரப் பொயிலரிலிருந்து தொடங்கி, அடி பிடித்த பானை, வேண்டாம் என்று சொல்லி நிறுத்திய ஆட்கள், கனடாவுக்கு அடித்த தொலைபேசி வரை எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் என் கணவர் கை கழுவ வேண்டும் என்று எழும்பப் பார்த்தார். “இருங்கோ, இன்னும் முடியேல்லை” என்றேன். சொல்லி முடிக்கும் வரை அவரை எழும்ப விடவில்லை.